இடித்துச் சொல்ல ஓர் ஆள்

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. பிறர் எழுதியதில் குற்றம் பார்ப்பதுதான் அந்த வேலை. அதில் நல்ல பெயர் கிடைப்பது அரிது. பிழையில்லாமல் வெளிவந்தால் எழுதியவருக்குப் பாராட்டு. பிழையோடு வந்தால் திருத்தியவருக்கு ஏச்சு. ஆனாலும் அந்த வேலை எனக்கு ஒரு பாடத்தைச் சொல்லித் தந்தது. நம் தவற்றை நம் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பணமும் பதவியும் பேரும் இல்லாதபோது அப்படிப்பட்டவர்கள் தாமாகவே இருப்பார்கள். அவையெல்லாம் வந்து சேர்ந்த பிறகு அவர்களைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தன்னைக் கடிந்து பேசத் துணிந்தவர் இல்லாத அரசனை அழிக்கப் பகைவன் தேவையில்லை என்று வள்ளுவர் எச்சரித்தார். அரசனுக்குச் சொன்னது அலுவலகத்துக்கும் பொருந்தும், குடும்பத்துக்கும் பொருந்தும். பிறரைக் கடிந்து சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இதை வெறும் புத்திமதியாகச் சொன்னால் இளைஞர்கள் காதில் ஏறாது. ஆகவே ஒரு பத்திரிகையின் வரலாறாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் வாரந்தோறும் வெளிவரும் ‘டெர் ஸ்பீகல்’ என்ற செய்தி இதழ் அது. ஐரோப்பாவின் வலிமையான வார இதழ்களில் ஒன்று. அதன் வாழ்க்கையில் மூன்று முறை, ‘உண்மையைச் சொல்பவனைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?’ என்ற கேள்வி எழுந்தது. முதல் முறை அதை உருவாக்கியவர்களுக்கு. இரண்டாம் முறை அதன் நாட்டு அரசுக்கு. மூன்றாம் முறை அந்த இதழுக்கே.

இடிபாடுகளுக்கு நடுவே

1946-ஆம் ஆண்டு. போரில் தோற்ற ஜெர்மனியை நான்கு வல்லரசுகள் பங்கிட்டு ஆண்டுகொண்டிருந்தன. ஊர்கள் இடிந்து கிடந்தன. சோற்றுக்கும் கரிக்கும் பஞ்சம். அச்சிடத் தாளுக்கும் பஞ்சம். அதையெல்லாம்விடப் பெரிய பஞ்சம் ஒன்று இருந்தது. ஹிட்லர் ஆண்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எந்தச் செய்தியை எப்படிப் போட வேண்டும், எதைப் போடவே கூடாது என்று பிரசார அமைச்சர் கோயபல்ஸின் அமைச்சகம் பத்திரிகைகளுக்கு அன்றாடம் உத்தரவு போட்டது. ஒரு தலைமுறையே கேள்வி கேட்கும் பழக்கத்தை இழந்துவிட்டது. அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்து ‘நீங்கள் சொல்வது உண்மையா?’ என்று கேட்கலாம் என்பதே மறந்துபோயிருந்தது.

வட ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகரம் பிரிட்டன் படையின் கையில் இருந்தது. அங்கே பத்திரிகைகளைக் கவனிக்கும் பொறுப்பில் ஜான் சலோனர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இருந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அமெரிக்காவின் ‘டைம்’ போல, செய்தியை அலசிச் சொல்லும் வார இதழ் ஒன்று ஜெர்மானியர்களுக்கும் வேண்டும் என்று அவர் நினைத்தார். அவருக்குத் துணை நின்ற இருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருவர் ஹாரி போரர். செக் நாட்டிலிருந்து தப்பி இங்கிலாந்து சேர்ந்த யூதர். மற்றவர் ஹென்றி ஆர்மண்ட். ஜெர்மனியிலேயே பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நீதித்துறை வேலையிலிருந்து விரட்டப்பட்டவர். டாஹாவ் வதைமுகாமில் அடைபட்டுப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறியவர். எந்த நாடு தங்களைக் கொல்லத் துரத்தியதோ, அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ‘பயப்படாமல் எழுது, ஆனால் சரிபார்த்து எழுது’ என்று கற்றுத்தர இந்த இருவரும் திரும்பி வந்தார்கள். ஆர்மண்ட் பிற்காலத்தில் வழக்கறிஞராகி, ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாம் வழக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடினார். பெருந்தன்மை என்றால் என்னவென்று யாராவது கேட்டால் இவர்களைத்தான் நான் காட்டுவேன்.

1946 நவம்பரில் ‘இந்த வாரம்’ என்று பொருள்படும் பெயரில் இதழ் வெளிவந்தது. கற்றுக்கொடுத்ததை மாணவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். யாரையும் விட்டுவைக்காமல் எழுதினார்கள். நாட்டை ஆண்டுகொண்டிருந்த வல்லரசுகளையும் விடவில்லை. உடனே புகார்கள் குவிந்தன. பிரிட்டன் அரசின் பணத்தில் நடக்கும் பத்திரிகை பிரிட்டனையும் அதன் கூட்டாளிகளையும் குறை சொல்வதா என்று மேலிடம் சினந்தது. சில இதழ்களுக்குள்ளேயே, ‘இதை ஜெர்மானியர் கையில் கொடுத்துவிட்டு விலகுங்கள்’ என்று உத்தரவு வந்துவிட்டது.

விமர்சனம் நல்லது, அது சனநாயகத்தின் உயிர் என்று வகுப்பெடுத்தவர்களாலேயே, அது தங்கள் பக்கம் திரும்பியபோது தாங்க முடியவில்லை. இதை ஆங்கிலேயரின் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. வீட்டில் ‘எதுவானாலும் மனம் திறந்து பேசு’ என்று பிள்ளையிடம் சொல்லும் எத்தனை அப்பாக்கள், பிள்ளை தன்னைப் பற்றி மனம் திறந்ததும் முகம் சிவக்கிறார்கள்! முதல் சோதனையில் தோற்பது எளிது. ஆனால் பிரிட்டன் ஒரு நல்ல காரியம் செய்தது. தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இதழின் கழுத்தை நெரிக்கவில்லை, கையை எடுத்துக்கொண்டது. பொறுத்துக்கொள்ள முடியாதபோது விலகிக்கொள்வதும் ஒரு பண்புதான்.

இதழை நடத்தும் உரிமை அங்கே வேலை செய்த ரூடால்ஃப் அவுக்ஸ்டைன் என்ற இளைஞருக்குக் கிடைத்தது. ஹானோவர்காரர். போர்முனையிலிருந்து திரும்பி வந்தவர். வயது 23. புதிய பெயர் வேண்டும் என்றார்கள். கண்ணாடி என்று பொருள்படும் ‘டெர் ஸ்பீகல்’ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார். 1947 ஜனவரி 4 அன்று முதல் இதழ் வந்தது. தாள் ஒதுக்கீடு குறைவு என்பதால் 15,000 பிரதிகள்தான். விலை ஒரு மார்க். கள்ளச் சந்தையில் அதுவே பல மடங்கு விலைக்குக் கைமாறியது. சோற்றுக்கே வழியில்லாத மக்கள் ஒரு பத்திரிகைக்குக் கூடுதல் காசு கொடுத்தார்கள் என்றால், உண்மைக்கு அவர்கள் எவ்வளவு ஏங்கியிருக்க வேண்டும்!

வளர்ச்சியும் ஒரு கறையும்

1949-இல் மேற்கு ஜெர்மனி என்ற புதிய நாடு உருவானது. கொன்ராட் அடேனாவர் அதன் முதல் பிரதமரானார். பான் நகரம் தலைநகரமானது. அதைத் தலைநகராக்கச் சில உறுப்பினர்களுக்குப் பணம் கைமாறியது என்று ஸ்பீகல் எழுத, 1950-இல் நாடாளுமன்றமே விசாரணைக் குழு அமைத்தது. யாரோ ஓர் இளைஞன் நடத்தும் வார இதழுக்காக நாடாளுமன்றம் கூடி விசாரிக்கிறது என்பது அந்த நாட்டுக்கே புதிது. 1952-இல் இதழ் ஹாம்பர்க் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. விற்பனை ஆண்டுதோறும் ஏறியது.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். அதே 1950-களில் ஸ்பீகலின் முக்கியப் பொறுப்புகளில் ஹோர்ஸ்ட் மான்கே, கேயார்க் வோல்ஃப் என்ற இருவர் இருந்தார்கள். இருவரும் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் உளவுப் பிரிவில் அதிகாரிகளாக இருந்தவர்கள். யூதர்கள் கைகொடுத்துத் தொடங்கி வைத்த இதழில் இவர்களுக்கும் நாற்காலி கிடைத்தது. அரசாங்கத்தில் முன்னாள் நாஜிகள் யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடி எழுதிய பத்திரிகை, தன் கூடத்துக்குள் இருந்தவர்களைப் பற்றி நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. வெளியிலிருந்து ஆய்வாளர்கள் தோண்டி எடுத்த பிறகே இது பெரிதாகப் பேசப்பட்டது.

ஊரார் முதுகைப் பார்க்கிற கண்ணுக்குத் தன் முதுகு தெரிவதில்லை. இது தீயவர்களிடம் மட்டும் உள்ள குறை அன்று. நல்ல காரியம் செய்கிறவர்களிடம் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ‘நாம் நியாயத்தின் பக்கம் நிற்கிறோம்’ என்ற நினைப்பே, ‘நம்மை யார் கேட்பது?’ என்ற நினைப்பாக மெல்ல மாறிவிடுகிறது. இந்த விதை பின்னால் முளைத்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் அந்த இதழ் தலைநிமிர்ந்து நின்ற கதை இருக்கிறது.

அந்த அக்டோபர் இரவு

1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நின்றதால் உலகமே அணுப் போர் வந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த மாதம். அதற்குச் சற்று முன் ‘ஃபாலெக்ஸ் 62’ என்ற பெயரில் நேட்டோ படைகள் ஒரு போர்ப் பயிற்சி நடத்தின. அதன் முடிவுகளை அலசி, மேற்கு ஜெர்மன் ராணுவத்தின் தற்காப்பு ஆயத்தம் குறையுடையது, நேட்டோவின் மதிப்பீட்டிலேயே அது கடைசித் தரத்தில் நிற்கிறது என்று ஸ்பீகல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. எழுதியவர் கொன்ராட் ஆலர்ஸ். பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஃபிரான்ஸ் யோசெஃப் ஸ்ட்ராவுஸ். அவரைப் பற்றி ஸ்பீகல் அதற்கு முன்பே கடுமையாக எழுதி வந்திருந்தது. இருவருக்கும் ஆகாது.

அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை இரவு. ஹாம்பர்க் அலுவலகத்துக்குள் போலீஸ் நுழைந்தது. தேசத் துரோகம் என்பது குற்றச்சாட்டு. அறைகளைச் சோதித்து முத்திரை வைத்தார்கள். கட்டுக்கட்டாகக் காகிதங்களை அள்ளினார்கள். ஆசிரியர் குழுவில் பலர் கைதானார்கள். மறுநாள் அவுக்ஸ்டைன் தாமே போலீஸிடம் போய் நின்றார். அவர் 103 நாள் காவலில் இருந்தார். ஆலர்ஸ் அப்போது மனைவியோடு ஸ்பெயினில் விடுமுறையில் இருந்தார். ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி நடந்த நாடு அது. அங்கேயே அவரை நள்ளிரவில் பிடித்து அடைத்தார்கள்.

அலுவலகம் வாரக்கணக்கில் போலீஸ் வசம் இருந்தது. ஆசிரியர் சிறையில். மேசை இல்லை, தட்டச்சுப்பொறி இல்லை, குறிப்புகள் இல்லை. அடுத்த வார இதழ் எப்படி வரும்? அந்தக் கட்டடத்திலேயே இயங்கிய போட்டிப் பத்திரிகைகள் கதவைத் திறந்துவிட்டன. ‘டி ட்சைட்’, ‘ஸ்டெர்ன்’ போன்ற இதழ்கள் தங்கள் அறைகளையும் கருவிகளையும் கொடுத்தன. சந்தையில் ஒருவரையொருவர் முந்தப் பார்க்கிறவர்கள், ‘இன்று இவனுக்கு வந்தது நாளை நமக்கும் வரும்’ என்று உணர்ந்து தோள் கொடுத்தார்கள். இதழ் தடையின்றி வந்தது.

தெருவிலும் மாற்றம். பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டார்கள். பேராசிரியர்கள் அறிக்கை விட்டார்கள். அதிகாரம் சொன்னதைக் கேட்டே பழகிய நாட்டில், ‘பத்திரிகையாளரை ஏன் சிறையில் வைத்தீர்கள்?’ என்று சாதாரண மக்கள் கேட்டார்கள். அடேனாவர் நாடாளுமன்றத்தில் எழுந்து, நாட்டில் துரோகத்தின் பாதாளமே திறந்திருக்கிறது என்று முழங்கினார். நீதிமன்றம் விசாரிக்கும் முன்பே அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அமைச்சர் ஸ்ட்ராவுஸோ, இந்தக் கைதுகளில் தனக்குப் பங்கில்லை என்று முதலில் சொன்னார். கேள்விமேல் கேள்வி விழுந்தது. ஸ்பெயினில் இருந்த ஜெர்மன் ராணுவ அதிகாரியோடு தானே தொலைபேசியில் பேசி ஆலர்ஸைப் பிடிக்கச் சொன்னதை இறுதியில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அதோடு அவர் அந்தப் பதவியில் இருந்த காலம் முடிந்தது. கூட்டணிக் கட்சியின் ஐந்து அமைச்சர்களும் நவம்பர் 19 அன்று பதவி விலகினார்கள். டிசம்பரில் அமைந்த புதிய அமைச்சரவையில் ஸ்ட்ராவுஸுக்கு இடமில்லை. அடேனாவரும் அடுத்த ஆண்டு பதவியை விட்டு இறங்கினார். ஸ்ட்ராவுஸை வீழ்த்தியது ஸ்பீகலின் கட்டுரை அன்று. அதற்குப் பதில் சொல்ல அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. எழுதியவர்களைச் சிறையில் அடைக்கத் துணிந்ததும், பிறகு நாடாளுமன்றத்தில் மறைத்துப் பேசியதும்தான் அவரை வீழ்த்தின. குறை சொன்னவனைப் பழிவாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சொன்ன குறையைவிடப் பெரிய குற்றத்தைச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். இதை நான் அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன், குடும்பங்களிலும் பார்த்திருக்கிறேன்.

வழக்கு என்னவாயிற்று? 1965-இல் உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவே ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டது. 1966 ஆகஸ்டில் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. சோதனை நடத்தியது சட்டமீறலா என்ற கேள்வியில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்து நின்றதால், ஸ்பீகல் தன் முறையீட்டில் வெல்லவில்லை. ஆனால் அரசின் கட்டளைக்கும் தணிக்கைக்கும் ஆட்படாத பத்திரிகை சுதந்திர நாட்டின் அடிப்படை என்று அந்தத் தீர்ப்பு உறுதியாக வகுத்துச் சொன்னது. வழக்கில் தோற்றும் நாட்டுக்கு ஒரு நெறியைப் பெற்றுத் தந்த இதழ் அது. வெற்றி என்பது நம் மனுவுக்குக் கிடைக்கும் முத்திரை மட்டும் அன்று என்பதை இளையவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இந்தக் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. கட்டுரை வெளிவரும் முன் அதன் பகுதிகளைச் சரிபார்க்க ஆலர்ஸ் தம் நண்பர் ஒருவரிடம் காட்டியிருந்தார். ஹாம்பர்க் மாநில உள்துறைப் பொறுப்பில் இருந்த ஹெல்முட் ஷ்மிட்தான் அந்த நண்பர். அதற்காக அவர்மீதும் விசாரணை நடந்தது. பின்னாளில் அவர் நாட்டின் பிரதமரானார். 1966-இல் அமைந்த கூட்டணி அரசில் ஆலர்ஸ் அரசின் துணைச் செய்தித் தொடர்பாளரானார். அதே அரசில் ஸ்ட்ராவுஸ் நிதியமைச்சர். ஒருவரைச் சிறைக்கு அனுப்பியவரும் சிறைக்குப் போனவரும் ஒரே அரசில் வேலை செய்தார்கள். பகையைச் சாகும்வரை சுமக்கத் தேவையில்லை.

வெற்றிக்குப் பின்

புயலுக்குப் பிறகு ஸ்பீகலின் மதிப்பு உயர்ந்தது. பிற்காலத்தில் விற்பனை பத்து லட்சத்தை எட்டியது. 1974-இல் அவுக்ஸ்டைன் நிறுவனத்தில் பாதியை ஊழியர்களுக்கே கொடுத்தார். இன்றும் பெரும்பங்கு ஊழியர்கள் கையில்தான். தான் வளர்த்ததைத் தன்னோடு உழைத்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்த அந்தக் கை உயர்ந்த கை.

1982-இல் தொழிற்சங்கங்களின் வீட்டுவசதி நிறுவனமான ‘நோய ஹைமாட்’டின் நிர்வாகிகள் அதைத் தங்கள் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தியதை ஸ்பீகல் அம்பலப்படுத்தியது. அதே காலத்தில், ஃபிளிக் என்ற பெரும் தொழில் குழுமம் அரசியல்வாதிகளுக்கு அள்ளிக் கொடுத்த பணத்தின் கதையையும் தொடர்ந்து எழுதியது. பொருளாதார அமைச்சரும் நாடாளுமன்றத் தலைவரும் 1984-இல் பதவி இழந்தார்கள். தொழிலாளர் பக்கமா, முதலாளி பக்கமா என்று பார்க்கவில்லை. ‘உள்ளதைச் சொல்வது’ என்பதே அவுக்ஸ்டைன் விட்டுச்சென்ற கொள்கை. அவர் 2002-இல் மறைந்தார். அந்த வாசகம் ஹாம்பர்க் அலுவலகத்தின் முகப்புக் கூடத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

மெய்ப்புத் திருத்தும் தொழிலைச் சேர்ந்தவன் என்பதால் ஸ்பீகலின் ஒரு பிரிவைப் பற்றி எனக்குத் தனி மரியாதை. அங்கே செய்திகளைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு பெரிய துறை உண்டு. உலகப் பத்திரிகைகளில் இத்தனை பேரைச் சரிபார்ப்புக்காகவே வைத்திருப்பவை மிகச் சில. பெயர், தேதி, தூரம், தொகை என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக் குறியிட்ட பிறகே அச்சுக்குப் போகும். ‘எங்கள் இதழில் பொய் நுழையாது’ என்று அவர்கள் பெருமைப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பெருமைக்குள்தான் ஆபத்தும் இருந்தது.

மூன்றாம் சோதனை

கிளாஸ் ரெலோட்டியஸ். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த நிருபர். அடக்கமானவர், இனிமையாகப் பழகுபவர். அவர் எழுதினால் படிப்பவர் கண் கலங்கும். விருதுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜெர்மனியின் பெரிய நிருபர் விருதை நான்கு முறை பெற்றார். நான்காவது 2018 டிசம்பர் தொடக்கத்தில். நாட்டிலேயே சிறந்த எழுத்தாளர் என்று சக ஊழியர்களே வியந்தார்கள்.

அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதும் வேலை ஹுவான் மொரேனோ என்ற நிருபருக்கு வந்தது. ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்த உழைப்பாளிக் குடும்பத்தின் பிள்ளை. நிரந்தர வேலையில் இல்லை. ஒப்பந்த அடிப்படையில் எழுதியவர். மெக்சிகோ வழியாக அமெரிக்கா நோக்கி நடந்த அகதிகளோடு மொரேனோ சென்றார். எல்லைக்கு அந்தப் பக்கம், அகதிகளைத் தடுக்கத் துப்பாக்கியோடு காவல் நிற்கும் அமெரிக்கர்களைப் பற்றி ரெலோட்டியஸ் எழுதினார். கட்டுரையைப் படித்த மொரேனோவுக்கு உறுத்தியது. விவரங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மேலிடத்தில் சொன்னார். நம்பவில்லை. பொறாமை என்று நினைத்தார்கள். ரெலோட்டியஸ் போலி ஆதாரம் காட்டிச் சமாளித்தார். மொரேனோவின் வேலைதான் ஊசலாடியது.

அவர் பின்வாங்கவில்லை. வேறு வேலையாக அமெரிக்கா போனபோது தாமே அந்த ஆட்களைத் தேடிச் சென்றார். ரெலோட்டியஸின் படத்தைக் காட்டினார். ‘இவரை நாங்கள் பார்த்ததே இல்லை’ என்று அவர்கள் சொன்னதைப் படம்பிடித்துக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் மேலிடம் விழித்தது. டிசம்பர் நடுவில் ரெலோட்டியஸ் ஒப்புக்கொண்டார். பல ஆண்டுகளாக அவர் எழுதியவற்றில் குறைந்தது 14 கட்டுரைகளில் ஆட்களும் காட்சிகளும் பேச்சுகளும் கற்பனை.

மின்னசோட்டா மாநிலத்தில் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிறிய ஊரைப் பற்றி அவர் 2017-இல் எழுதியிருந்தார். மெக்சிகோக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று ஊர் எல்லையில் பலகை இருப்பதாக எழுதினார். அப்படி ஒரு பலகையே இல்லை. ஊர்க்காரர்கள் இருவர் அந்தக் கட்டுரையை வரி வரியாகச் சோதித்து, பொய்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். பிறகு ஸ்பீகலின் நிருபர் ஒருவர் அங்கே போய் நேரில் மன்னிப்புக் கேட்டார்.

அத்தனை பெரிய சரிபார்ப்புத் துறை எப்படி ஏமாந்தது? என் தொழில் அனுபவத்தில் இதற்கு விடை தெரியும். மக்கள்தொகை, தெருப் பெயர், தூரம் முதலியவற்றைச் சரிபார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை சரியாக இருந்தன. நிருபர் மட்டுமே பார்த்ததாகச் சொல்வதை மேசையில் உட்கார்ந்து சரிபார்க்க முடியாது. அங்கே ஆள்மீது உள்ள நம்பிக்கைதான் அளவுகோல். நல்ல நோட்டுக் கட்டுக்குள் செருகிய கள்ள நோட்டாகப் பொய் உள்ளே போயிற்று. விருது வாங்கியவர், எல்லோருக்கும் பிடித்தவர் என்றால் அந்தக் கட்டைப் பிரித்து எண்ணவே யாருக்கும் மனம் வராது. இன்னொரு காரணமும் உண்டு. வாசகரும் ஆசிரியரும் எதை நம்ப விரும்பினார்களோ அதையே அவர் எழுதிக் கொடுத்தார். நாம் ஏற்கெனவே நம்புவதைச் சொல்கிறவனை நாம் சந்தேகிப்பதில்லை.

பிறகு ஸ்பீகல் செய்ததுதான் இந்தக் கதையைச் சொல்லத் தக்கதாக்குகிறது. மறைக்கவில்லை. 2018 டிசம்பர் 19 அன்று, யாரும் வெளியே கசியவிடும் முன்பே, தன் நிருபரின் மோசடியைத் தானே வெளியிட்டது. அந்த வார இதழின் அட்டையிலேயே அவுக்ஸ்டைனின் வாசகத்தைப் போட்டு, தன் அவமானத்தை முகப்புச் செய்தியாக்கியது. விசாரணைக் குழு அமைத்தது. எச்சரிக்கைகள் வந்தும் காது கொடுக்கவில்லை, ஒரு பிரிவு மூடிய கூட்டமாக மாறியிருந்தது, அழகான கதைக்கும் விருதுக்கும் ஆசைப்பட்டார்கள் என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்ததை 2019 மே மாதம் அப்படியே வெளியிட்டது. செய்தி சேகரிக்கும் நெறிமுறைகளையும் புதிதாக வகுத்தது. ரெலோட்டியஸ் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

1962-இல் அரசு செய்ததையும் 2018-இல் ஸ்பீகல் செய்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் முதல் எதிர்வினை ஒன்றுதான்: குறை சொன்னவனைச் சந்தேகிப்பது. அரசு துரோகி என்றது; இதழ் பொறாமைக்காரன் என்றது. ஆனால் உண்மை தெளிந்த பிறகு அரசின் தலைவர்கள் மறைத்தார்கள். இதழ் தன்னைத்தானே ஊரறியச் சொல்லிக்கொண்டது. தவறு எல்லோருக்கும் வரும். தவற்றுக்குப் பிறகு எந்தப் பக்கம் நடக்கிறோம் என்பதில்தான் ஒரு மனிதனின், ஒரு நிறுவனத்தின் தரம் தெரிகிறது.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது

இளைய தலைமுறைக்கு இதிலிருந்து சிலவற்றை எடுத்துச் சொல்கிறேன்.

உங்களை யாரும் எதிர்த்துச் சொல்லாத காலம் வந்தால் மகிழாதீர்கள். அது நீங்கள் குற்றமற்றவர் ஆகிவிட்டதால் அன்று; சொல்பவர்கள் ஓய்ந்துவிட்டதால். வீட்டில் மனைவி, கணவன், பிள்ளைகள், அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் என்று யாராவது கடைசியாக எப்போது உங்கள் முடிவைத் தவறு என்றார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டும்.

குறை சொல்பவரின் நோக்கத்தை ஆராயாதீர்கள். சொன்ன குறையை ஆராயுங்கள். பொறாமையால் சொன்னாலும் உண்மை உண்மைதான். பாசத்தால் சொன்னாலும் பொய் பொய்தான். கேட்டவுடன் கோபம் வரும், அது இயல்பு. அந்தக் கோபத்தோடு பதில் சொல்லாமல், சரிபார்த்த பிறகு பேசுங்கள்.

உங்களுக்கு மிகவும் பிடித்த செய்தியைத்தான் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். கைபேசியில் வரும் செய்திகளில் எது உங்களை ‘நான் அப்பவே சொன்னேனே!’ என்று துள்ள வைக்கிறதோ, அதைப் பிறருக்கு அனுப்பும் முன் நிறுத்துங்கள். பிடிக்காததைச் சோதிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் மொரேனோவின் இடத்தில் இருக்க நேர்ந்தால், சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆதாரத்தைத் தேடிக்கொண்டு போங்கள். முதல் முறை நம்ப மாட்டார்கள். தனியாக நிற்க வேண்டிவரும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கத்த வேண்டாம், பழிக்க வேண்டாம். உண்மையை மேசைமேல் வைத்துவிட்டு நில்லுங்கள்.

நாளை நீங்களும் ஒரு நிறுவனத்தின் தலைவராகலாம், ஒரு பள்ளியின், ஒரு சங்கத்தின், ஒரு பெரிய குடும்பத்தின் பொறுப்பில் இருக்கலாம். அப்போது ஒரே ஒரு காரியத்தை மட்டும் உறுதி செய்யுங்கள். உங்களுக்குக் கீழே கடைசி இடத்தில் இருப்பவர், வேலை நிரந்தரம் இல்லாதவர், பேச்சுத் திறமை இல்லாதவர், அவர் வந்து ‘இது சரியில்லை ஐயா’ என்று சொன்னால் அவர் சோற்றில் மண் விழக் கூடாது. அந்த ஒரு பாதுகாப்பை மட்டும் நீங்கள் கொடுத்துவிட்டால், உங்களைக் காப்பாற்ற வேண்டிய வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.